கோடி போகும் ஏரி

ராகிக் கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கிளம்பும். கர்நாடக எல்லையைத் தாண்டி அவை கால் வைக்கும் தமிழ்நாட்டுக் காடுகளில் முக்கியமானது ஜவளகிரி. அங்கிருந்து தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர் என்று காட்டோரமாகவே நகர்ந்து, சில கூட்டங்கள் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் சானமாவு வரை வந்துவிடும். பகலில் காடு, இரவில் ராகிக் கொல்லை, இடையில் ஏரி. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கூட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வறட்சி ஆண்டில் யானை எந்த ஊர்ப் பக்கம் திரும்பும் என்பதை, எந்த ஏரியில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

அந்த ஏரிகள் யானைக்காக வெட்டியவை அல்ல, தாமாக உண்டானவையும் அல்ல. சரிவான நிலத்தின் குறுக்கே ஊரார் மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள், மழை நின்றது, ஏரி ஆனது. பிறகு நாணல் வந்தது, மீன் வந்தது, கொக்கும் நாரையும் வந்தன, யானையும் வந்தது. மனிதர் தொடங்கியதை மற்ற உயிர்கள் தொடர்ந்தன. இன்று உலக மாநாடுகளில் ‘இயற்கை சார்ந்த தீர்வுகள்’ என்று பேசுகிறார்கள். 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதற்கு ஒரு வரையறை தந்தது; 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை தீர்மானமே போட்டது. வெள்ளம், வறட்சி, வெப்பம் போன்ற மனிதரின் சிக்கல்களை இயற்கை அமைப்புகளைக் காத்தும் மீட்டும் சமாளிப்பது, அதனால் மனிதருக்கும் பிற உயிர்களுக்கும் சேர்த்து நன்மை கிடைப்பது என்பது அதன் சாரம். ஜவளகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் இருக்கும் எந்தப் பழைய ஏரியைக் காட்டினாலும் இந்த வரையறைக்கு உதாரணம் ஆகிவிடும். கெட்ட உதாரணமாக ஆகாமல் பார்த்துக்கொள்வதில்தான் சிக்கல்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி ஓசூரைத் தொடுகிறது. தளிப் பக்கத்து மேட்டில் பிறக்கும் சின்னாறோ தெற்கே போய், பஞ்சப்பள்ளி அணையைக் கடந்து, ஒகேனக்கல் அருகே காவிரியில் சேர்கிறது. அதாவது ஓசூரிலிருந்து தளிக்குப் பேருந்தில் போகிறவர், தமக்குத் தெரியாமலே ஓர் ஆற்றுப் படுகையிலிருந்து இன்னோர் ஆற்றுப் படுகைக்குள் போய்விடுகிறார். தலைமேட்டில் பெரிய ஆறு கிடையாது. விழுகிற மழையை விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டால் உண்டு, விட்டால் இல்லை. இங்கே சிற்றூருக்குச் சிற்றூர் ஏரியும் குட்டையும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஏரிகள் தனித்தனியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அவை ஒரு சங்கிலி. மேட்டு ஏரி நிரம்பினால் கலிங்கில் வழியும். இந்தப் பக்கத்து மக்கள் அதை ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள். கோடி போன தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே இன்னொன்று. பெருமழையின் வேகத்தை ஒவ்வோர் ஏரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து அனுப்பும். வழியில் சேறு படியும், அதை வேனிலில் வண்டியில் அள்ளிப்போய் வயலில் கொட்டினால் அது வண்டல் உரம். பல வருடம் கழித்து ஏரி கோடி போனால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் ஊர்கள் இன்றும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர். மரமும் புதரும் மூடிய நிலம் இதில் பெரும்பகுதியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதே நிலத்தில் தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் தார்ச் சாலையும் வந்துவிட்டால் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு உடனே ஓடத் தொடங்கிவிடும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று ஓசூரைச் சுற்றிக் கூரைகள் பரவிக்கொண்டே இருக்கின்றன. 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை; இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் சாப்பிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு கூரையும் ஓர் ஓடையைப் பெருக்குகிறது. அந்த ஓடை போய்ச் சேர ஏரி இல்லையென்றால் அது ஊருக்குள்தான் வரும்.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. இது பாடப்புத்தக இயற்பியல். வானத்தில் கூடுதலாகச் சேர்ந்த அந்த நீர் இறங்கும்போது குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தபோது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே ஆண்டு மார்ச்சில், பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்கு அடுக்குமாடிவாசிகள் காத்துக் கிடந்தார்கள். சில மாத இடைவெளியில் இங்கே வெள்ளம், அங்கே வறட்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓசூர் இரண்டுக்கும் தயாராக வேண்டும்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே அடியில் இருப்பது கடினப்பாறை, கிரானைட்டும் நைஸும். மேலே சில பத்து மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த பாறையும் மண்ணும். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் விரிசல்களில்தான் இருக்கும். பழைய கிணறுகள் அந்தச் சிதைந்த அடுக்கைத்தான் நம்பியிருந்தன. ஏரியில் நின்ற தண்ணீர் அதற்குள் கசிந்து கிணற்றில் ஊறும். ஆழ்துளைக் கிணறு வந்ததும் ஆயிரம் அடிக்குப் போய் விரிசலில் கிடந்த பழைய தண்ணீரை உறிஞ்சத் தொடங்கினோம். போர் இருக்கிறதே என்று ஏரியை மறந்தோம். ஏரி காய்ந்ததும் போருக்கும் ஊற்று குறைந்தது. ஆழம் போகப் போகப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வந்தது. பற்களும் எலும்பும் பாதிக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. மேட்டில் பெய்யும் மழையைத் தவற விட்டுவிட்டு, கீழே போன காவிரியை மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிக் குடிக்கிறோம்.

முன்பு ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஊர்தான். நீர்க்கட்டி மதகைத் திறப்பார், அடைப்பார், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பார்; அறுவடையில் அவருக்குத் தானியப் பங்கு உண்டு. கரைப் புளியமரத்தின் ஏலமும் மீன் குத்தகையும் பொதுச்செலவுக்குப் போகும். மராமத்து வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். இதைத்தான் குடிமராமத்து என்றோம். அந்தக் காலத்தைச் சொர்க்கமாக நினைக்க வேண்டாம். கரையில் மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஒரு சாதியாரும், தண்ணீரில் முதல் பங்கு வாங்கியவர்கள் வேறொரு சாதியாருமாக இருந்தார்கள். 1858இல் வெள்ளையர் அரசு சென்னை மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டது. உழைப்பு கட்டாயம், வருமானம் சர்க்காருக்கு என்று ஆனபோது ஊருக்கு ஏரி மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போனதில் வியப்பில்லை. தமிழக அரசு 2017இல் 100 கோடி ரூபாயோடு குடிமராமத்து என்ற பெயரை மீட்டது. பெயர் திரும்பியது, முடிவெடுக்கும் உரிமை எத்தனை ஊர்களுக்குத் திரும்பியது என்று அந்தந்த ஊரில் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றது, பொதுச்சொத்தை ஊரே காக்க முடியுமா என்ற கேள்விக்காகத்தான். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்பது அதுவரை பரவலாக இருந்த நம்பிக்கை. நேபாளப் பாசனம் முதல் ஸ்பெயின் வாய்க்கால்கள் வரை ஆராய்ந்து, அது எப்போதும் உண்மையல்ல என்று அவர் காட்டினார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியைப் பயன்படுத்துகிறவர்களே வகுக்க வேண்டும், மீறுகிறவருக்குப் படிப்படியாக அபராதம் வேண்டும், மேலே இருக்கும் அரசு அந்த விதியை மதிக்க வேண்டும். நம் நீர்க்கட்டிக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

ஜவளகிரிக்கு அண்டையில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் வட்டம். அங்கே கியாலசனஹள்ளி என்று ஓர் ஊர், 36 ஏக்கரில் வறண்டு கிடந்த ஓர் ஏரி. ஆனந்த் மல்லிகவாட் என்ற இயந்திரப் பொறியாளர், தாம் வேலை பார்த்த சான்செரா நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணத்தைக் கொண்டு 2017 கோடையில் அதைத் தூர்வாரத் தொடங்கினார். ஒன்றரை மாதத்தில் வேலை முடிந்தது. செலவு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் கரையை உயர்த்தவும், ஏரிக்குள் பறவைகளுக்காக ஐந்து தீவுகள் அமைக்கவும் பயன்படுத்தினார்கள். சிமெண்டுக்கு வேலை வைக்கவில்லை. அந்த ஆண்டு மழையிலேயே ஏரி நீர் பிடித்தது. அவர் பிறகு வேலையை விட்டுவிட்டு ஏரிப் பணிக்கே போய்விட்டார். சோழர் கால ஏரி முறைகளைப் பார்த்துக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் எல்லாரும் சொல்வது அந்த ஒன்றரை மாதத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 36 ஏக்கர் ஏரி ஒன்றில் சராசரி ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 14 கோடி லிட்டருக்கு மேல். அந்தத் தண்ணீர் வந்து சேரும் வழி திறந்திருந்தால்தான் தோண்டிய குழி ஏரியாகும். பெங்களூரின் தெற்கே ஜே.பி. நகர்ப் பகுதியில் இருக்கும் புட்டேனஹள்ளி ஏரி இதற்கு நல்ல பாடம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள் அறக்கட்டளை தொடங்கி, 2011இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, 13 ஏக்கர் ஏரியின் பராமரிப்பைத் தம் கையில் எடுத்தார்கள். குடிமக்கள் குழு ஒன்று இப்படிப் பொறுப்பேற்றது அந்த நகரில் அதுவே முதல்முறை. குப்பை போனது, பறவைகள் வந்தன. ஆனால் சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து வரத்துக்கால்வாயை வெட்டிவிட்டதால் மழை மட்டும் போதவில்லை. கடைசியில் பக்கத்து அடுக்ககத்தின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர்தான் ஏரியைக் காப்பாற்றியது. அவர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஓசூர் அந்த நிலைக்கு வருவதற்குமுன் விழித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்தில் வரத்துக்கால்வாய்கள் பல இன்னும் மண் வழியாகவே கிடக்கின்றன. அவற்றைக் காப்பதற்கு ஆகும் செலவு, இழந்தபின் மாற்று தேடுவதற்கு ஆகும் செலவில் சிறு துளி.

கழிவுநீரை ஏரிக்கு விடலாமா என்ற கேள்வி உடனே வரும். பெங்களூரின் வடக்கே ஜக்கூர் ஏரியில் ஒரு வழி இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் நேராக ஏரிக்குள் போவதில்லை. சம்பங்கோரையும் நாணலும் வளர்ந்த ஆழமில்லாத சதுப்பு வழியாக மெல்ல நகர்ந்துதான் போகிறது. வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் முதலில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புகின்றன. பாஸ்பரஸுக்கு அப்படி ஓடிப்போக வழியில்லை, அது மண்ணிலும் செடியிலும் தங்கும். ஆகவே கோரையை அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் செடி அழுகி, வாங்கியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பல ஊர்களில் ‘சதுப்பு அமைத்தோம்’ என்று திறப்புவிழா நடக்கும், அறுக்கும் கூலிக்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

செடிக்கு ஓர் எல்லையும் உண்டு. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும்போது வெள்ளை நுரை மலையாக எழுந்து தரைப்பாலத்தை மூடுவது ஓசூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. சலவைத்தூளில் இருக்கும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், உயரத்திலிருந்து விழும் நீரில் காற்றோடு கலந்து நுரையாகிறது. அதோடு ஆலைக் கழிவும் சேர்ந்துவிட்டால் கோரையும் வெட்டிவேரும் என்ன செய்யும்? கன உலோகத்தைச் செடி உறிஞ்சினாலும் அந்தச் செடியைக் கொண்டுபோய் எங்கே போடுவது? ஓசூர் மக்கள் எத்தனை ஏரி தூர்வாரினாலும் மேலே இருக்கும் ஒன்றரைக் கோடிப் பேர் நகரத்தின் சாக்கடை நிற்காது. அந்த நகரத்தில் இவர்களுக்கு ஓட்டும் இல்லை. மக்கள் முன்னின்று செய்யும் வேலைகளைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்ட முடியாது.

வெப்பத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேரில் ஈரம் இருக்கும் பெரிய மரம் ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டர் ஆவியாக்கினால், ஒன்றரை டன் ஏ.சி. 12 மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்தை அது எடுத்துவிடும். கரண்ட் பில் வராது. ஆனால் ‘வேரில் ஈரம் இருக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஏரி இல்லாமல் மரம் மட்டும் நட்டால், கோடையில் அது இலைத்துளைகளை மூடிக்கொண்டு நிழல் மட்டும் தரும். மரமும் ஏரியும் சேர்ந்ததுதான் குளிர்ச்சி. அதனால்தான், ஒரு துண்டு நிலத்தில் நெருக்கமாக நட்டு இரண்டே ஆண்டில் காடு என்று படம் பிடித்துப் போடும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. தொழிற்பேட்டைக்குள் அது இருக்கட்டும். ஏரிக்கரைக்கு வேண்டியது புங்கனும் நாவலும் நீர்மருதும் புளியும், அவற்றுக்கு இடையே வெறும் புல்லும்.

ஜவளகிரிப் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கரையில் மூங்கிலும் பலாவும் நட்டால் அழகாக வளரும், யானையும் வரும். பயிரைக் காக்கக் கொல்லையில் காவல் இருக்கிறவரின் உயிர் போகும். திருட்டு மின்வேலியில் யானையின் உயிர் போகும். இரண்டும் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. காட்டுக்குள் இருக்கும் குட்டைகளைத் தூர்வாரி உண்ணிச்செடியை அகற்றினால் யானைக்கு அங்கேயே தண்ணீரும் புல்லும் கிடைக்கும். ஊர் ஏரிக்கு யானை விரும்பாத மரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இதையெல்லாம் சென்னையிலோ ஜெனீவாவிலோ இருந்து எழுதும் வழிகாட்டி சொல்லாது. எந்த மேட்டில் யானை இறங்கும், எந்த மதகு ஒழுகும் என்று அங்கே மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். மக்கள் பங்கேற்பு என்று சொல்வதன் பொருள் இதுதான், கையில் மரக்கன்றோடு படத்துக்கு நிற்பது அல்ல.

நகரங்கள் ஏரியை மீட்கும்போது செய்யும் பெரிய தவறு, அதைக் கிண்ணம்போலத் தோண்டுவது. செங்குத்தான கரை, சுற்றிலும் கல் பதித்த நடைபாதை, மின்விளக்கு. ஆழமில்லாத விளிம்பு இல்லாமல் போனால் நீர்ப்பறவை நிற்க இடமில்லை, கோரை வளர இடமில்லை, கால்நடை இறங்க வழியில்லை, தவறி விழுந்த குழந்தை ஏறி வரவும் வழியில்லை. சிங்கப்பூர் தன் கல்லாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்த மண்கரை ஆறாக 2012இல் மாற்றி முடித்தது. பணக்கார நாடு கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது நாம் கடன் வாங்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படிக்கிறவர் ஓசூரிலோ தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்தால் ஒரு வேண்டுகோள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேளுங்கள். உங்கள் ஏரிக்கு வரும் ஓடைகளின் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் மாடு மேய்க்கிறவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேட்டிலிருந்து கலிங்கு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே மண் கொட்டியிருக்கிறது, எங்கே சாலைப் பணியில் குழாய் சிறிதாகப் போட்டிருக்கிறார்கள், எங்கே சாக்கடை சேர்கிறது என்று எழுதிவையுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும்; மே 1இல் மறுபடியும் கூடும். மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. அந்தக் குறிப்பை அங்கே வாசித்து, சர்வே எண்ணோடு தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏரியைத் தோண்ட நன்கொடையாளர் எப்போது வேண்டுமானாலும் வருவார். வரத்துக்கால்வாய்க்குப் பட்டா போட்டுவிட்டால் அதை மீட்க நீதிமன்றப் படி ஏறி இறங்கியே ஆயுள் முடிந்துவிடும்.